மெய்நிகர் கணினி தொடங்க மறுக்கும்போது: விர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்தும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் நிரலில் உருவாக்கிய மெய்நிகர் கணினி, ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்திய பிறகும் ஓடவில்லையென்றால், புதியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள்; அல்லது அந்த மெய்நிகர் கணினியையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். முதலாவது வழி அரிதாகத்தான் பலன் தரும், ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் விர்ச்சுவல்பாக்ஸ் நிரலுக்கு வெளியே, கணினியின் பயாஸிலோ (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்) விண்டோஸின் அமைப்புகளிலோ இருக்கிறது. இரண்டாவது வழியில் உள்ளே சேமித்திருந்த கோப்புகள் அனைத்தும் போய்விடும்; அதோடு, காரணம் அப்படியே இருப்பதால் புதிதாக உருவாக்கியதும் அதே இடத்தில் வந்து நிற்கும்.

இந்தக் கட்டுரை, விண்டோஸ் 10 அல்லது 11 இயங்கும் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதற்குள் உபுண்டு போன்ற லினக்ஸையோ மற்றொரு விண்டோஸையோ ஓட்ட முயல்பவர்களுக்காக எழுதப்பட்டது. வெளியே இருக்கும் உண்மையான கணினியை ஹோஸ்ட் என்றும், உள்ளே ஓடும் இயங்குதளத்தை கெஸ்ட் என்றும் குறிப்பிடுகிறேன். பட்டியலின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும், 7.1ஆம் பதிப்பிலிருந்து ‘பேசிக்’, ‘எக்ஸ்பர்ட்’ என இரண்டு முகப்புகள் இருப்பதால், இங்கே சொல்லும் ஒரு அமைப்பு உங்கள் திரையில் தென்படவில்லையென்றால் எக்ஸ்பர்ட் முகப்புக்கு மாறிப் பாருங்கள்.

எந்த இடத்தில் நின்றது?

தீர்வைத் தேடுவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். மெய்நிகர் கணினி ஓடத் தொடங்குவது படிப்படியாக நடக்கும் செயல். முதலில் ஹோஸ்ட் அதற்கு வேண்டிய நினைவகத்தையும் பிராசசரின் மெய்நிகராக்க வசதியையும் ஒதுக்கித் தர வேண்டும்; இங்கே தடைபட்டால் கெஸ்டின் சாளரம் திறக்காது, அல்லது திறந்த உடனே மூடிக்கொண்டு ஒரு பிழைச் செய்தி மட்டும் மிஞ்சும். அடுத்து, சாளரம் திறந்து விர்ச்சுவல்பாக்ஸின் சின்னம் தெரிந்த பிறகு, மெய்நிகர் கணினியின் சொந்த பயாஸ் ஓர் இயங்குதளத்தைத் தேடுகிறது. இங்கே தடைபட்டால் கருப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்’ என்ற ஒற்றை வரி வந்து நிற்கும். மூன்றாவதாக, கெஸ்டின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, ஏறத் தொடங்கி, வட்டை மவுண்ட் செய்து, சேவைகளைத் தொடங்குகிறது. இங்கே தடைபட்டால் ஆங்கில வரிகள் ஓடிவந்து ஓரிடத்தில் உறைந்துவிடும். கடைசியாக, எல்லாம் ஏறிய பின்னும் வரைகலைத் திரை மட்டும் வராமல் போகலாம்.

பிழை எந்தக் கட்டத்தில் நிகழ்ந்தது என்று தெரிந்துகொண்டால், மற்ற மூன்று கட்டங்களுக்கான தீர்வுகளைப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிடலாம். சாளரமே திறக்காதவர் கெஸ்டுக்குள் உள்ள டிரைவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. லாகின் திரை வரை வந்து கருப்பாகிப் போனவர் பயாஸுக்குள் நுழைய வேண்டியதில்லை.

கை வைப்பதற்கு முன்

உள்ளே முக்கியமான கோப்புகள் இருந்தால், மெய்நிகர் கணினி முழுவதும் நிறுத்தப்பட்டிருக்கும் நிலையில் அதன் கோப்புறையை அப்படியே வேறொரு வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அது உங்கள் பயனர் கோப்புறைக்குள் ‘விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். ஐம்பது ஜிபி கோப்பை நகலெடுக்க நேரம் பிடிக்கும்தான். ஆனாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிறகு ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, உடனே ஓட்டிப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் பத்து ஆலோசனைகளையும் ஒரே மூச்சில் செய்தால், கோளாறு தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிட்டால், புதிதாக எதைக் கெடுத்தோம் என்பதும் தெரியாது.

மெய்நிகர் கணினியின் பெயர்மேல் வலச்சொடுக்குச் செய்து ‘ஷோ லாக்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பதிவேடு திறக்கும். அதன் நீளத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒவ்வொரு வரியின் இடப்புறத்திலும் தொடங்கிய கணத்திலிருந்து கடந்த நேரம் மணி, நிமிடம், விநாடி என இருக்கும். கடைசி வரியிலிருந்து படிப்பது இங்கே அவ்வளவாக உதவாது, ஏனென்றால் பிழைக்குப் பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் தன்னை மூடிக்கொள்ளும் வேலைகளும் அங்கேதான் எழுதப்படும். அதற்குப் பதிலாகத் தேடும் கட்டத்தில் ‘எரர்’ என்ற ஆங்கிலச் சொல்லையோ, வி, இ, ஆர், ஆர் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையோ இட்டுத் தேடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் பிழைக் குறியீடுகள் அந்த நான்கு எழுத்துகளில்தான் தொடங்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அப்படிக் கிடைக்கும் எல்லா வரிகளும் உயிர்போகிற பிழைகள் அல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியின் பதிவேட்டிலும் இத்தகைய வரிகள் சில இருக்கும். முந்தைய ஓட்டங்களின் பதிவேடுகளும் 1, 2, 3 என்ற எண்களோடு அதே சாளரத்தில் இருப்பதால், கடைசியாக ஒழுங்காக ஓடிய நாளின் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அன்றைக்கு இல்லாமல் இன்றைக்குப் புதிதாக வந்திருக்கும் முதல் பிழை வரிதான் நமக்குத் தேவையானது. அந்த வரியை அப்படியே நகலெடுத்துத் தேடுவது, ‘வி.எம். ஓடவில்லை’ என்று பொதுவாகத் தேடுவதைவிடப் பல மடங்கு விரைவாக விடையைக் காட்டும்.

சாளரமே திறக்காதபோது

புதியவர்கள் எதிர்கொள்ளும் பிழைகளில் மிகுதியானவை இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் முதலிடம் பிராசசரின் மெய்நிகராக்க வசதிக்குத்தான். இன்டெல் இந்த வசதியை விடி-எக்ஸ் என்ற பெயரில் 2005இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஏஎம்டி தன் பிராசசர்களில் ஏஎம்டி-வி என்ற பெயரில் சேர்த்தது. பழைய விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்புகள் இந்த வசதி இல்லாமலும் சில கெஸ்ட்களை மென்பொருள் வழியாகவே ஓட்டின. 2019 டிசம்பரில் வெளியான 6.1ஆம் பதிப்பிலிருந்து அந்த வழி நீக்கப்பட்டுவிட்டதால், இப்போது இந்த வசதி கைக்குக் கிடைக்காவிட்டால் எதுவும் ஓடாது.

இங்கே பிழைச் செய்தியின் சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் ஏறத்தாழ ஒரே மாதிரி தோன்றும் இரண்டு செய்திகள் இரண்டு வெவ்வேறு காரணங்களைச் சுட்டுகின்றன. ‘விடி-எக்ஸ் பயாஸில் டிசேபிள் செய்யப்பட்டுள்ளது’ என்று வந்தால், வசதி இருக்கிறது, யாரும் இயக்கி வைக்கவில்லை என்று பொருள். ‘விடி-எக்ஸ் நாட் அவைலபிள்’ என்று மட்டும் வந்தால், வசதியை வேறொரு மென்பொருள் முன்பே பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். புதிய மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது இயங்குதளப் பட்டியலில் 32-பிட் பதிப்புகள் மட்டும் தெரிந்து, 64-பிட் பதிப்புகள் காணாமல் போவதும் இந்த இரண்டில் ஒன்றின் அறிகுறியே.

எது என்று உறுதிசெய்ய, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சிபியுவைத் தேர்ந்தெடுங்கள். கீழே ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரியில் ‘டிசேபிள்டு’ என்றிருந்தால் பயாஸுக்குச் செல்ல வேண்டும். ‘எனேபிள்டு’ என்றிருந்தும் விர்ச்சுவல்பாக்ஸ் மறுக்கிறதென்றால், பயாஸில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஹைப்பர்-வி பற்றிய அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.

பயாஸுக்குள் செல்லும் விசை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும்: டெல், ஏசர் மடிக்கணினிகளில் எஃப்2, எச்பியில் எஃப்10, மேசைக்கணினிகள் பலவற்றில் டெலீட். சரியான நொடியில் விசையை அழுத்துவது தொல்லையாக இருந்தால், விண்டோஸின் ‘செட்டிங்ஸ்’ வழியாக ‘ரிக்கவரி’ பகுதிக்குச் சென்று, ‘அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப்’ என்பதன் கீழ் மறுதொடக்கம் செய்து, ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்’ என்ற வரிசையில் போகலாம். அங்கே இன்டெல் கணினிகளில் ‘இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ என்றும், ஏஎம்டி கணினிகளில் ‘எஸ்விஎம் மோட்’ என்றும் இருக்கும் வரியைத் தேடுங்கள். ஏஎம்டி கணினியில் விர்ச்சுவலைசேஷன் என்ற சொல்லையே தேடிக்கொண்டு, அது இல்லையென்று திரும்பி வந்துவிடுபவர்கள் பலர். பெரும்பாலும் அந்த வரி ‘அட்வான்ஸ்டு’ அல்லது ‘சிபியு கான்ஃபிகரேஷன்’ பக்கத்தில் இருக்கும். சில கணினிகளில் ‘செக்யூரிட்டி’ பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும்.

பயாஸில் கை வைக்கும் முன் இன்னொன்று. உங்கள் விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்தைச் சேமித்த பிறகு கணினியை முழுவதுமாக அணைத்து மீண்டும் இயக்குவது நல்லது.

ஹைப்பர்-வி என்ற உள்வீட்டுப் போட்டியாளர்

விண்டோஸுக்கென்று சொந்தமாக ஹைப்பர்-வி என்ற மெய்நிகராக்க அடுக்கு உண்டு. அது இயங்கும்போது பிராசசரின் வசதி அதன் பிடியில் இருக்கும். நீங்கள் ஹைப்பர்-வியைத் தெரிந்தே நிறுவியிருக்க வேண்டியதில்லை. லினக்ஸுக்கான விண்டோஸ் துணை அமைப்பின் இரண்டாம் பதிப்பு, அதன்மேல் ஓடும் டாக்கர் டெஸ்க்டாப், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவை அதை வேண்டுகின்றன. இவற்றில் எதுவும் இல்லையென்றாலும், புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதி தானாகவே இயங்குவதால் அந்த அடுக்கு பின்னணியில் எழுந்து நிற்கும். ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ நிரலைத் திறந்து முதல் பக்கத்தின் அடியில் பாருங்கள். ‘ஹைப்பர்வைசர் ஹேஸ் பீன் டிடெக்டட்’ என்ற வரி இருந்தால் ஹைப்பர்-வி இயங்குகிறது.

விர்ச்சுவல்பாக்ஸின் 6.0ஆம் பதிப்பிலிருந்து, ஹைப்பர்-வி இயங்கும்போது அதன் வழியாகவே கெஸ்டை ஓட்டும் மாற்று வழி சேர்க்கப்பட்டது. அப்படி ஓடும்போது சாளரத்தின் கீழ் வலப்புறத்தில் ஒரு பச்சை ஆமைச் சின்னம் தெரியும். ஆமை தெரிந்தால் கெஸ்ட் மெதுவாகத்தான் ஓடும் என்பதை விர்ச்சுவல்பாக்ஸ் தன் பாணியில் சொல்லிவிடுகிறது. சில கெஸ்ட்கள் அப்படியே சகித்துக்கொண்டு ஓடும். சில, தொடங்கும்போதே ‘சாஃப்ட் லாக்கப்’ என்ற எச்சரிக்கையை அடுத்தடுத்து எழுதிவிட்டு நின்றுவிடும். முதலில் கெஸ்டுக்குக் கொடுத்த பிராசசர் எண்ணிக்கையை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் ஹைப்பர்-வியை நிறுத்த வேண்டும். ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்ற சாளரத்தில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவற்றின் தேர்வுக்குறியை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகும் ஆமை போகவில்லையென்றால், ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘டிவைஸ் செக்யூரிட்டி’, ‘கோர் ஐசோலேஷன்’ என்ற வரிசையில் சென்று மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கடைசி அடியை எடுத்த எடுப்பில் வைக்கச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உலவுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வசதி, தீங்கான டிரைவர்கள் கெர்னலுக்குள் நுழைவதைத் தடுப்பதற்காக இருக்கிறது. வங்கிக் கணக்கும் அலுவலக மின்னஞ்சலும் அதே கணினியில் இருக்கும்போது, உபுண்டு சற்று விரைவாக ஓட வேண்டும் என்பதற்காக மட்டும் அதை அணைப்பது சரியான பேரம் அல்ல. கெஸ்ட் மெதுவாகவேனும் ஓடுகிறதென்றால் ஆமையோடு வாழ்ந்துவிடலாம். மேலும், விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மை நிறுத்தினால் டாக்கர் டெஸ்க்டாப்பும் லினக்ஸ் துணை அமைப்பும் நின்றுபோகும்; அவை தேவையென்றால், விர்ச்சுவல்பாக்ஸை விட்டு ஹைப்பர்-வியிலேயே கெஸ்டை ஓட்டுவது எளிது. விண்டோஸின் புரோ பதிப்பில் அந்த நிரல் கட்டணமின்றியே கிடைக்கிறது; ஹோம் பதிப்பில் கிடையாது.

சாளரம் திறக்காததற்கான பிற காரணங்கள்

மெய்நிகராக்க வசதி சரியாக இருந்தும் சாளரம் வரவில்லையென்றால் நினைவகத்தைப் பாருங்கள். ஹோஸ்டில் 8 ஜிபி நினைவகம் இருக்கும்போது கெஸ்டுக்கு 6 ஜிபி எழுதிக் கொடுத்தால், பிரவுசரில் இருபது தாவல்கள் திறந்திருக்கும் நாளில் ஒதுக்க இடமில்லாமல் தொடக்கம் தோற்கும். அமைப்புகளில் நினைவகக் கோலின் பச்சைப் பகுதிக்குள் நிற்பது பாதுகாப்பானது.

முன்பு சேமித்து மூடிய நிலையிலிருந்து தொடர முயலும்போது தோற்றால், அதாவது பெயருக்குக் கீழே ‘சேவ்டு’ என்று இருந்தால், விர்ச்சுவல்பாக்ஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றியதோ ஹோஸ்டின் வன்பொருள் மாறியதோ காரணமாகலாம். ‘டிஸ்கார்டு சேவ்டு ஸ்டேட்’ என்பதைக் கொடுத்தால் அது சாதாரணமாகத் தொடங்கும். வட்டில் உள்ள கோப்புகள் அழியாது. அன்று திறந்திருந்த, சேமிக்காத வேலை மட்டும் போகும். உண்மையான கணினியின் மின்கம்பியைப் பிடுங்கியதற்கு இது சமம்.

வலையமைப்பைக் குறித்த பிழை, குறிப்பாக ‘ஹோஸ்ட்-ஒன்லி’ அடாப்டரின் பெயரோடு வந்தால், அமைப்புகளில் நெட்வொர்க்கைத் தற்காலிகமாக ‘நேட்’ என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் கோளாறு அந்த அடாப்டரில்தான் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸை நிர்வாகி உரிமையோடு மீண்டும் நிறுவும்போது அது பெரும்பாலும் சரியாகிவிடும். மறுநிறுவல் உண்மையிலேயே பலன் தரும் இடங்களில் இது ஒன்று. யுஎஸ்பி குறித்த பிழை வந்தால், 7.0க்கு முந்தைய பதிப்புகளில் யுஎஸ்பி 2.0, 3.0 ஆகியவற்றுக்கு எக்ஸ்டென்ஷன் பேக் தனியாக வேண்டும் என்பதை நினைவில் கொண்டு, யுஎஸ்பி 1.1க்கு மாற்றிச் சோதியுங்கள்.

ஹோஸ்டே லினக்ஸாக இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ‘கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு’ என்று வந்தால், கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூல்கள் மறுபடி உருவாக்கப்படவில்லை, அல்லது செக்யூர் பூட் அவற்றைக் கையொப்பம் இல்லாததால் தடுக்கிறது. எம் வரிசை சிப் கொண்ட ஆப்பிள் கணினிகளில், இன்டெல் பிராசசர்களுக்கான வழக்கமான ஐஎஸ்ஓ நிறுவல் கோப்புகள் விர்ச்சுவல்பாக்ஸில் ஓடா; ஆர்ம் பதிப்பைத்தான் தரவிறக்க வேண்டும்.

பெயருக்குப் பக்கத்தில் ‘இன்அக்சசிபிள்’ என்று வந்தால்

மின்தடைக்குப் பிறகு, அல்லது ஹோஸ்ட் உறைந்துபோய்க் கட்டாயமாக அணைத்த பிறகு, மெய்நிகர் கணினி பட்டியலில் இருந்தும் திறக்க முடியாமல் இப்படிக் காட்டுவதுண்டு. பார்ப்பதற்கு எல்லாம் அழிந்துவிட்டது போலத் தோன்றினாலும், சரிசெய்ய மிக எளிதான கோளாறுகளில் இது ஒன்று.

மெய்நிகர் கணினியின் கோப்புறையைத் திறந்து பாருங்கள். விடிஐ என்ற பின்னொட்டோடு பல ஜிபி அளவில் இருப்பது வட்டு; கெஸ்டும் அதன் கோப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன. விபாக்ஸ் என்ற பின்னொட்டோடு சில கேபி அளவில் இருப்பது அமைப்புக் கோப்பு. அதற்குப் பக்கத்திலேயே, விபாக்ஸ் என்பதோடு ‘பிரெவ்’ என்று நீண்ட பின்னொட்டு கொண்ட இன்னொரு கோப்பு இருக்கும். அது அமைப்புக் கோப்பின் முந்தைய படி. மின்சாரம் போன கணத்தில் அமைப்புக் கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தால், அது 0 கேபி அளவில் வெறுமையாகிக் கிடக்கும். விண்டோஸ் பின்னொட்டுகளை மறைத்து வைத்திருந்தால் முதலில் ‘வியூ’ பட்டியலில் அவற்றைக் காட்டச் சொல்லுங்கள். விர்ச்சுவல்பாக்ஸை முழுவதும் மூடிவிட்டு, வெறுமையான கோப்பின் பெயரோடு ‘பழைய’ என்பது போல ஏதாவது சேர்த்து ஒதுக்கிவையுங்கள். பிறகு முந்தைய படியை நகலெடுத்து, நகலின் பெயரிலிருந்து ‘பிரெவ்’ என்ற பகுதியையும் அதற்கு முன்னுள்ள சிறுகோட்டையும் நீக்குங்கள். விர்ச்சுவல்பாக்ஸை மறுபடி திறந்தால் மெய்நிகர் கணினி வழக்கம்போல நிற்கும். கடைசியாகச் செய்த ஓர் அமைப்பு மாற்றம் மட்டும் விடுபட்டிருக்கலாம்.

அமைப்புக் கோப்பு நன்றாக இருந்தும் வட்டு கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், அந்த வட்டு வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் இருந்து, அதன் எழுத்து இ-யிலிருந்து எஃப்-ஆக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வட்டுக் கோப்பைக் கையால் நகலெடுத்து இன்னொன்றோடு இணைக்கும்போது ‘யுயுஐடி ஏற்கெனவே உள்ளது’ என்று மறுத்தால், நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே அடையாள எண் இருப்பதுதான் காரணம். விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளேயே ‘குளோன்’ செய்தால் புதிய எண் கிடைக்கும். ஸ்னாப்ஷாட் என்பது மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைப் பதிந்து வைக்கும் வசதி. ‘ஸ்னாப்ஷாட்ஸ்’ கோப்புறைக்குள் இருக்கும் கோப்புகளை, இடம் அடைக்கிறதே என்று எக்ஸ்ப்ளோரர் வழியாக ஒருபோதும் அழிக்காதீர்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த நாளுக்குப் பிறகு நீங்கள் எழுதியவை மூல வட்டில் இல்லை, அந்தக் கோப்புகளில் இருக்கின்றன.

இயங்குதளம் கிடைக்கவில்லை என்று வந்தால்

‘நோ பூட்டபிள் மீடியம்’ என்ற வரி பயமுறுத்தினாலும், பெரும்பாலான சமயங்களில் நிறுவல் ஐஎஸ்ஓ கோப்பு இணைக்கப்படவில்லை என்பதுதான் விஷயம். புதிதாக உருவாக்கிய மெய்நிகர் கணினியின் வட்டு வெறுமையானது. ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் வட்டுச் சின்னத்தைச் சொடுக்கி ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுங்கள். 7.0க்குப் பிந்தைய பதிப்புகள் இந்தக் கட்டத்தில் தாமாகவே ஒரு பெட்டியைத் திறந்து ஐஎஸ்ஓவைக் கேட்கும். இணைத்த பின்னும் வரவில்லையென்றால், தரவிறக்கம் பாதியில் நின்ற கோப்பாக இருக்கலாம். உபுண்டுவின் தளத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிடுங்கள்.

முன்பு நன்றாக ஓடிய கெஸ்ட் திடீரென்று இப்படிச் சொன்னால், ஸ்டோரேஜில் விடிஐ வட்டு இன்னும் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘சிஸ்டம்’ பகுதியில் ‘இஎஃப்ஐ’ (பழைய பயாஸுக்குப் பதிலான புதிய தொடக்க முறை) என்ற தேர்வைக் கவனியுங்கள். சாதாரண பயாஸ் முறையில் நிறுவிய இயங்குதளம், இஎஃப்ஐ தேர்வை இட்டவுடன் கண்ணுக்குத் தெரியாமல் போகும். மஞ்சள் எழுத்துகளோடு ‘யூஇஎஃப்ஐ ஷெல்’ என்ற திரை வந்து நிற்கும். எந்த முறையில் நிறுவினீர்களோ அதற்கே திருப்பி வைத்தால் போதும். விண்டோஸ் 11ஐ கெஸ்டாக வைப்பவர்கள் இஎஃப்ஐ, செக்யூர் பூட், டிபிஎம் 2.0 ஆகியவற்றோடு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி வட்டும் கொடுக்க வேண்டும். இவற்றில் செக்யூர் பூட்டும் டிபிஎம்மும் 2022இல் வந்த 7.0ஆம் பதிப்பிலிருந்துதான் விர்ச்சுவல்பாக்ஸில் உள்ளன. வட்டை ‘சாட்டா’விலிருந்து ‘ஐடிஇ’க்கு மாற்றிப் பார்க்கும் ஆலோசனையை விண்டோஸ் கெஸ்ட்களில் பின்பற்ற வேண்டாம், நீலத்திரையில் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று புதிய சிக்கல் ஒன்று சேரும்.

பாதியில் உறையும்போதும் திரை கருப்பாகும்போதும்

உபுண்டு தொடங்கும்போது ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சொல்லோடு ஒரு கட்டளை வரி மட்டும் வந்து நின்றால், கோப்பு முறைமையில் ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது ஒழுங்காக நிறுத்தப்படாமல் அணைக்கப்பட்டதன் விளைவு. அதற்கு மேலுள்ள வரிகளில், வட்டின் எந்தப் பிரிவை (பார்ட்டிஷனை) கையால் சரிபார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லப்பட்டிருக்கும். எஃப்எஸ்சிகே என்ற கட்டளையை அந்தப் பிரிவின் முழுப் பாதையோடு தட்டச்சு செய்து, கேட்கும் கேள்விகளுக்கு ஒய் விசையைக் கொடுத்து முடித்த பின் மறுதொடக்கம் செய்யுங்கள். தொடக்கத்தில் சொன்ன நகல் கையில் இருந்தால் இதை அச்சமின்றிச் செய்யலாம்.

கெர்னல் புதுப்பிப்புக்கு மறுநாள் கெஸ்ட் நின்றுபோனால், தொடங்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்து (இஎஃப்ஐ முறையில் எஸ்கேப்பை அழுத்தி) கிரப் எனும் தொடக்கப் பட்டியலை வரவழைத்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாக முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது ஓடினால், கெஸ்ட் அடிஷன்ஸை (கெஸ்டுக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் தொகுப்பை) புதிய கெர்னலுக்கு ஏற்ப மீண்டும் நிறுவ வேண்டும் என்று பொருள்.

வரைகலைத் திரை வராமல் கருப்பாக நிற்கும்போது, கெஸ்ட் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை முதலில் அறிய வேண்டும். வலப்பக்க கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி எஃப்3ஐ அழுத்துங்கள். உரைவடிவ லாகின் வந்தால் கெஸ்ட் நலமாக இருக்கிறது, திரைதான் கோளாறு. கெஸ்டை நிறுத்திவிட்டு, ‘டிஸ்ப்ளே’ பகுதியில் வீடியோ நினைவகத்தை 128 எம்பியாக உயர்த்துங்கள். 3டி முடுக்கத்தை அணைத்து ஓட்டிப் பாருங்கள். லினக்ஸ் கெஸ்டுக்கு வரைகலைக் கட்டுப்படுத்தி ‘விஎம்எஸ்விஜிஏ’ என்றும், விண்டோஸ் கெஸ்டுக்கு ‘விபாக்ஸ்எஸ்விஜிஏ’ என்றும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இந்த மூன்றில் 3டி முடுக்கமே அதிகமாகத் தொல்லை கொடுப்பது. ஆகவே நான் முதலில் அதைத்தான் அணைத்துப் பார்ப்பேன்.

கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் லாகின் திரைக்கே திரும்பத் திரும்ப வந்தால், கெஸ்டின் வட்டு நிரம்பியிருக்க வாய்ப்புண்டு. அதே உரைவடிவ லாகினில் நுழைந்து, டிஎஃப் என்ற கட்டளையால் இடத்தைப் பாருங்கள். 100% என்றிருந்தால் தேவையற்ற பெரிய கோப்புகளையும் ஆப்ட் என்ற நிறுவல் கருவி சேமித்து வைத்திருக்கும் பழைய பொதிகளையும் நீக்குங்கள். இதற்கு இணையான இன்னொரு கோளாறு ஹோஸ்ட் பக்கத்திலும் நேரும். தேவைக்கேற்ப வளரும் வட்டை 50 ஜிபி என்று உருவாக்கியிருந்தாலும், தொடக்கத்தில் அது சில ஜிபியே எடுக்கும். வளர வளர ஹோஸ்டின் சி டிரைவ் நிரம்பிய நாளில் கெஸ்ட் பிழைச் செய்தியோடு இடைநிறுத்தப்பட்டுவிடும். அப்போது கெஸ்டை அணைக்காமல், ஹோஸ்டில் இடத்தைக் காலிசெய்துவிட்டு, ‘பாஸ்’ (இடைநிறுத்தம்) என்பதன் தேர்வுக்குறியை எடுத்துவிட்டுத் தொடர்ந்தாலே போதும்.

எதற்கும் வழிக்கு வராத கெஸ்டிலிருந்து கோப்புகளை எடுக்க

எல்லாம் பார்த்த பின்னும் கெஸ்ட் எழவில்லையென்றால், அதை எழுப்புவதைவிட உள்ளே இருப்பதை மீட்பது எளிது. அதே வகையான இயங்குதளத்தோடு புதிதாக ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்குங்கள். அது நிறுத்தப்பட்டிருக்கும்போது, ஸ்டோரேஜ் பகுதியில் பழைய விடிஐ வட்டை இரண்டாவது வட்டாக இணையுங்கள். பழைய கணினியில் ஸ்னாப்ஷாட்கள் இருந்தால் மூல வட்டை நேரடியாக இணைக்கக் கூடாது. முதலில் தற்போதைய நிலையைக் ‘குளோன்’ செய்து, அந்தக் குளோனின் வட்டை இணையுங்கள். புதிய உபுண்டு தொடங்கியதும் கோப்பு மேலாளரின் இடப்புறத்தில் பழைய வட்டு தெரியும். அதற்குள் ‘ஹோம்’ கோப்புறையில் உங்கள் பெயரில் உள்ளவற்றை நகலெடுத்துக்கொள்ளுங்கள். உரிமை இல்லையென்று மறுத்தால், நிர்வாகி உரிமையோடு டெர்மினலில் நகலெடுக்க வேண்டியிருக்கும்.

எடுத்து முடித்த பின் பழைய மெய்நிகர் கணினியைப் பட்டியலிலிருந்து நீக்கும்போது, விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டு தேர்வுகளைக் காட்டும். ‘ரிமூவ் ஒன்லி’ என்பது பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கும். ‘டெலீட் ஆல் ஃபைல்ஸ்’ என்பது வட்டுக் கோப்பையும் சேர்த்து அழிக்கும், அது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. எடுத்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிக்கும் வரை முதலாவதையே தேர்ந்தெடுங்கள்.